ஜெர்மனியில் நான்கு வாரக் கோடைப் படிப்பு: ஜூனியர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

2025 ஆகஸ்டில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் கோடைக்கால ஜெர்மன் மொழிப் படிப்புக்குப் போய்வந்தேன். நான்கு வாரம். அப்போது திருச்சியில் எம்.ஏ. வரலாறு இரண்டாமாண்டு தொடங்கியிருந்தது. திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர்கள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலை இருபது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்றுதான் இது.

கோடைப் படிப்பு என்றால் என்ன? பட்டம் கிடைக்குமா?

கிடைக்காது. மூன்று முதல் ஆறு வாரம் வரை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் உட்கார்ந்து, ஒரு மொழியையோ பாடத்தையோ படித்து, முடிவில் ஒரு சான்றிதழ் வாங்கிவருவது, அவ்வளவுதான். "ஜெர்மனியில் படித்தவள்" என்று எங்கள் தெருவில் பெயராகிவிட்டது. நான் மறுத்து மறுத்து அலுத்துவிட்டேன்.

ஜெர்மனியில் கோடை செமஸ்டரின் வகுப்புகள் ஜூலை பாதியிலோ கடைசியிலோ முடியும். அடுத்த வகுப்பு அக்டோபரில்தான். நடுவில் வகுப்பறைகள் காலி, விடுதிகளில் பாதி அறைகள் காலி. அந்த இடைவெளியில்தான் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்காக இந்தப் படிப்புகளை நடத்துகின்றன. ஹைடல்பெர்க்கில் ஆகஸ்ட் மாதம் முழுக்க நடக்கும்.

அப்படியானால் நம் கோடை லீவில் போக முடியாதா?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

நமக்குக் கோடை என்றால் ஏப்ரல், மே. கத்திரி வெயில் முடிந்து ஜூனில் கல்லூரி திறந்துவிடும். அவர்களுக்குக் கோடையே ஜூனில்தான் தொடங்குகிறது. ஆகஸ்ட் அவர்களுக்கு விடுமுறை. நமக்கோ செமஸ்டரின் நட்டநடு, முதல் இன்டர்னல் தேர்வு வரும் நேரம். இங்கே படித்துக்கொண்டே போகிறவர்கள் எல்லாருக்கும் இந்த முட்டல் உண்டு.

மோதல் இல்லாமல் போகிற ஒரே கூட்டம், இளங்கலை முடித்துவிட்டு முதுகலையில் சேரக் காத்திருப்பவர்கள். ஆனால் அவர்களுக்கு வேறு சிக்கல். எங்கேயும் மாணவராக இல்லாத அந்த இரண்டு மாதத்தில் விசாவுக்கு "எந்தக் கல்லூரி மாணவர்?" என்று கேட்டால் காட்டக் காகிதம் இருக்காது. முதுகலைச் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் நிலைமை பரவாயில்லை.

கல்லூரியில் விடுவார்களா? அட்டெண்டன்ஸ்?

பெரும்பாலான இடங்களில் 75 சதவீதம் என்பது கோடு. ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள் என்றால் 22 நாள்வரை தாங்கும். நான்கு வாரப் படிப்பு, பயணத்தோடு சேர்த்தால், ஏறக்குறைய அந்த 22-ஐயும் தின்றுவிடும். அப்புறம் காய்ச்சல், கல்யாணம் எதற்கும் ஒரு நாள்கூட மிச்சமிருக்காது.

நான் செய்தது இது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஹெச்ஓடி மேடத்திடம், அதாவது துறைத்தலைவரிடம் போனேன். "மேம், இது பல்கலைக்கழகப் படிப்பு, ஓடி கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். ஓடி என்றால் 'ஆன் டியூட்டி', வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுப்பது. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "முதல்வருக்கு எழுதிக் கொடும்மா. வாயால் சொன்னது எதுவும் நிற்காது" என்றார். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தாகி வந்தது, நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். செப்டம்பரில் வருகைப்பதிவில் சிவப்புக் கோடு விழுந்தபோது அந்த நகல்தான் காப்பாற்றியது. எல்லாக் கல்லூரியிலும் ஓடி கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் போய்வந்தபிறகு கேட்டால் நிச்சயம் கிடைக்காது.

உதவித்தொகை உண்டா?

உண்டு. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, கோடைக்காலப் படிப்புகளுக்கென்றே ஓர் உதவித்தொகை தருகிறது. மொத்தமாக ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல், அதோடு பயணத்துக்கும் ஒரு தொகை. இளங்கலையில் இரண்டு ஆண்டாவது முடித்திருக்க வேண்டும். முதுகலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் ஆள் வழுக்குகிறது. ஒன்று, கடைசித் தேதி. அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்கு இந்த ஆண்டு டிசம்பர் 1-ஐ ஒட்டியே முடிந்துவிடும். நான் இளங்கலை மூன்றாமாண்டில், "கோடைப் படிப்புதானே" என்று மார்ச் மாதம் சாவகாசமாக விண்ணப்பத்தைத் தேடினேன். அது மூடி மூன்று மாதமாகியிருந்தது. ஒரு வருடம் போச்சு. தேதியை அந்தந்த ஆண்டு அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அக்டோபரிலேயே பார்க்கத் தொடங்குங்கள்.

இரண்டாவது, உதவித்தொகை கிடைத்தால் படிப்பிலும் இடம் கிடைத்துவிட்டது என்று நினைப்பது. அது தனி, இது தனி. பல்கலைக்கழகத்தில் நீங்களாகவே பதிவுசெய்ய வேண்டும். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வந்த மகிழ்ச்சியில் இதை மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கும் ஊக்கக் கடிதத்தில் (மோட்டிவேஷன் லெட்டர்) "ஜெர்மனி ஒரு வளர்ந்த நாடு" என்று தொடங்காதீர்கள். தேர்வுக்குழுவுக்கு அது தெரியும். உங்கள் படிப்புக்கு அந்த மொழி எதற்கு வேண்டும் என்பதை எழுதுங்கள். நான் தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு பற்றி எழுதினேன். அவரும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பிய அறிக்கைகளும் கடிதங்களும் ஜெர்மனில் இருக்கின்றன. தமிழ்நாட்டு வரலாறு படிப்பவளுக்கு அவற்றை மூலத்தில் படிக்க ஆசை இருக்காதா? அந்த ஒரு பத்திதான் எனக்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

நான் பி.இ. படிக்கிறேன். மொழி வேண்டாம், ஆய்வகம் வேண்டும்.

டிஏஏடி-யின் 'வைஸ்' திட்டத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் ஜெர்மன் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப். அங்கே ஒரு பேராசிரியரிடம் நீங்களே எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் ஒருவர்கூடப் பதில் போடமாட்டார். ஐந்து பேருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஐந்து பேருக்கு எழுதுங்கள். மேலே இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. படிப்புக் கட்டணமும் விடுதி அறையும் சேர்த்து ஆயிரம் யூரோவை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் ஏறும், இறங்கும். விமானம் எனக்குச் சென்னையிலிருந்து போகவர 70,000-ஐத் தாண்டியது. நான்கு வாரச் சாப்பாடு, காப்பி, சோப்பு, சில்லறை எல்லாம் 350 யூரோவில் அடக்கினேன். சமைத்துச் சாப்பிட்டதால்தான் அடங்கியது. காப்பீடு, ரயில், விசா அலைச்சல் எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம் வந்தது. பாதிக்கு மேல் உதவித்தொகை தாங்கியது. அது இல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன். நான்கு வாரத்துக்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசமாயிற்றே என்பீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பது சரி. ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கோடைப் படிப்பு இந்த விதிக்குள் வராது. அதற்கு ஜெர்மானியரோ தமிழரோ எல்லாரும் பணம் கட்டத்தான் வேண்டும்.

விசா எப்படி?

90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா போதும், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகியகால விசா அது. பட்டப் படிப்புக்குப் போகிறவர்கள் சொல்கிற முடக்கு வங்கிக் கணக்கு (செலவுப் பணத்தை முன்கூட்டியே கட்டி முடக்கி வைப்பது), ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) இரண்டும் இதற்கு இல்லை. சீனியர் அண்ணன் யாராவது "பதினோராயிரம் யூரோ கட்டினால்தான் விசா" என்று பயமுறுத்தினால், அவர் தன் விசாவைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாள் முன்பு. முடிவு வர வழக்கமாகப் பதினைந்து நாள், சிக்கலானால் 45 நாள்வரை இழுக்கும். ஆகஸ்டுக்குப் போகிறவர் மே மாதமே சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையத்துக்கான நேரத்தைப் பதிவுசெய்துவிடுங்கள். ஜூனில் ஐரோப்பாச் சுற்றுலாக் கூட்டம் முழுக்க அங்கேதான் வரிசையில் நிற்கும்.

பாஸ்போர்ட் வாங்கிப் பத்தாண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. சேர்க்கைக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, தங்குமிடக் கடிதம், நீங்கள் அங்கே மாணவர் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், அப்பாவின் வருமான வரி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட். என் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். கணக்கில் வருகிற பணம் சின்னச் சின்னதாக நூறு வரி இருந்தது. அதை விளக்கி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிச் சேர்த்தோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் மூன்று லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவதுதான் ஆபத்து. அது அவர்கள் கண்ணில் முதலில் படும்.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கு விசா விதித்தொகுப்பிலேயே கட்டண விலக்கு இருக்கிறது. சேவை மையத்தின் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். கவுண்டரில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.

நான் போனபோது பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். 2025 அக்டோபர் 12 முதல், முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்துவிட்டது. அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் கொஞ்சம் நேரம் விட்டுச் செய்யுங்கள்.

ஒரு ஏஜென்சி "ஆக்ஸ்ஃபோர்டில் கோடைப் படிப்பு" என்று நான்கு லட்சம் கேட்கிறது. போகலாமா?

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் அறைகளைக் கோடையில் வாடகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனங்கள் வகுப்பு நடத்துவது பல வருடமாக நடக்கிறது. கட்டடம் அந்தக் கல்லூரியுடையது, படிப்பு இந்த நிறுவனத்துடையது. சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது. அது மோசடி என்று சொல்லவில்லை. மண்டபம் வாடகைக்கு எடுத்துக் கச்சேரி வைத்தால் பாடகர் மண்டபத்துக்காரர் ஆகிவிடமாட்டார், அவ்வளவுதான். சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், பணம் யார் கணக்குக்குப் போகிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் படிப்புகளுக்கு நடுவில் ஆள் தேவையே இல்லை. விண்ணப்பம் கல்லூரி அட்மிஷன் படிவத்தைவிடச் சுலபம்.

அமெரிக்கா, லண்டன் என்றால்?

பிரிட்டனில் ஆறு மாதத்துக்குள் அடங்கும் படிப்புக்கு, அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால், சாதாரண விசிட்டர் விசாவிலேயே படிக்கலாம். அமெரிக்காவில் வாரத்துக்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ வகுப்பு இருந்தால் நான்கு வாரத்துக்குக்கூட எஃப்-1 மாணவர் விசாதான் கேட்பார்கள். டூரிஸ்ட் விசாவில் போய் உட்காரக் கூடாது.

ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் போகலாமா?

சில இடங்களில் அடிமட்டத்திலிருந்தே வகுப்பு இருக்கிறது. ஆனால் போகாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவும், "நான் திருச்சியிலிருந்து வருகிறேன்" என்று சொல்லவும் கற்றுக்கொள்ள இரண்டு லட்சம் செலவழிப்பானேன்? அதை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவனிலோ உங்கள் ஊரிலோ கற்றுக்கொள்ளலாம். மொழித் தேர்ச்சியில் இரண்டாம் படியான ஏ2 முடித்துவிட்டுப் போனால், அங்கே கடையிலும் ரயிலிலும் கேட்பதெல்லாம் பாடமாகும். நான்கு வாரத்தில் ஒரு படி முழுக்க ஏறிவிடுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அரைப் படி ஏறலாம். ஆனால் வாய் திறக்கும் பயம் போய்விடும். அதைச் சென்னையில் எந்த வகுப்பும் எனக்குத் தரவில்லை.

தமிழ்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜெர்மனில் துணைவாக்கியம் வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். "வைல் இஷ் ஹாய்டெ கைனெ ட்சைட் ஹாபெ." இன்று எனக்கு நேரம் இல்லாததால். இதில் 'ஹாபெ'தான் வினை, வாலில் போய் நிற்கிறது. என் வகுப்பில் இத்தாலியப் பையனும் பிரேசில் பெண்ணும் ஒவ்வொரு முறையும் வினையை நடுவில் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எனக்கும் கொரியப் பெண்ணுக்கும் அது இயல்பாக வந்தது. "எப்படி?" என்று ஆசிரியர் கேட்டார். எங்கள் வீட்டில் வினை எப்போதும் கடைசியில்தான் வரும் என்றேன். கொரியப் பெண் தலையாட்டினாள், அவள் மொழியிலும் அப்படித்தானாம். ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனுக்குப் போகாமல் தமிழிலிருந்து நேரே போனால் இந்த ஒரு மேடு தானாகவே இறங்கிவிடும்.

'டூ'வும், 'சீ'யும் நமக்குப் புதிதல்ல. நீ, நீங்கள். ஆங்கிலம் பழகிய நாக்குதான் தடுமாறும். முதல் வாரம் பேக்கரியில் என் அம்மா வயது அம்மையாரிடம் 'டூ' போட்டுவிட்டேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெரியம்மாவை "நீ நகரு" என்றதுபோல. அவர் சிரித்துவிட்டு 'சீ' போட்டே பதில் சொன்னார். அது திட்டியதைவிட உறைத்தது.

எண்களில் மட்டும் நமக்குச் சலுகை இல்லை. 85 என்பதை "ஐந்தும் எண்பதும்" என்று சொல்வார்கள். அதே பேக்கரியில் மூன்று யூரோ 85 செண்ட் என்றதற்கு மூன்று 58 எண்ணி வைத்துவிட்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றது. அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை ஐந்து யூரோ நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். பர்ஸ் கல் மூட்டையானது.

வகுப்பு எப்படி நடக்கும்?

முதலில் நிலை அறியும் தேர்வு. அதில் எந்த வகுப்பு என்று முடிவாகும். காலையில் மொழி, பிற்பகலில் இலக்கியம், வரலாறு, உச்சரிப்பு என்று விருப்பப்பாடம், வார இறுதியில் சுற்றுலா. ஆசிரியர் கேள்வி கேட்டால் யாரும் எழுந்து நிற்பதில்லை. நான் இரண்டு நாள் நின்றேன். பழக்கம். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். என்னவோ சண்டை என்று நினைத்தேன், அதுதான் அங்கே கைதட்டல்.

சாப்பாடு? நான் சைவம்.

பட்டினி கிடக்கமாட்டீர்கள். மதியத்துக்கு மென்சா என்கிற மாணவர் உணவகம். ஹைடல்பெர்க்கில் நெக்கர் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், பழைய ஆயுதக்கிடங்காக இருந்த கல் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது. தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனால் எடை போட்டுக் காசு வாங்குவார்கள். உருளைக்கிழங்கு கனம், கீரை லேசு என்பதை இரண்டாம் நாளே கற்றுக்கொண்டேன். தயிருக்கு 'நாட்டூர்யோகுர்ட்' என்று கேட்டு வாங்குங்கள், புளிப்பு போதாதே தவிர சாதத்துக்கு ஒட்டும். 'மில்ஷ்ரைஸ்' என்று எழுதியிருப்பதைப் பொன்னி என்று நம்பி வாங்காதீர்கள். அது பால் பாயசத்துக்கான அரிசி, குழைந்து களியாகிவிடும்.

இரவுக்குச் சமைத்தேன். இங்கேதான் என் பெருமைக்குரிய நிகழ்ச்சி. நான் தங்கிய விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு பொதுச் சமையலறை, மின்சார அடுப்பு. முதல் சனிக்கிழமை ரசம் வைக்கலாம் என்று எண்ணெய் ஊற்றினேன். அந்த அடுப்பு சூடேற நேரம் எடுக்கும், சூடேறினால் இறங்காது. கடுகு வெடிக்கவில்லையே என்று காய்ந்த மிளகாயையும் போட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரே நொடியில் கிளம்பின. கூரையில் வெள்ளை டப்பா ஒன்று இருந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. புகையைக் கண்டால் கத்தும் கருவியாம், அது அலறத் தொடங்கியது. மாடியிலிருந்தவர்கள் செருப்போடு கீழே வந்துவிட்டார்கள், எல்லாருக்கும் இருமல். கொரியப் பெண் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினாள். நல்லவேளை, அது அந்த அறைக்குள்ளேயே கத்துகிற வகை. தீயணைப்பு நிலையத்தோடு இணைத்த வகையாக இருந்தால் வண்டி வந்திருக்கும், செலவும் என் தலையில் விழுந்திருக்கும். அதற்கப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, கடுகு மட்டும் தாளித்தேன். மிளகாயை ரசத்திலேயே கிள்ளிப் போட்டேன்.

புளி, கறிவேப்பிலை, தோசை மாவுவரை வேண்டுமென்றால் ஈழத்தமிழர் கடைகளைத் தேடுங்கள், பெரிய நகரங்களில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்று தெரியாமல் ரயிலேறி வேறொரு நகரத்துக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினேன். சனிக்கிழமை மறுபடி போனபோது கடைக்கார ஐயா, "பிள்ளை எங்கயிருந்து வாறீங்கள்? இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டு, கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை. "நாலு கிழமைதானே நிக்கப்போறீங்கள், கொண்டு போங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காதா?

இருக்காது. மளிகை, துணிக் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகள், சில பேக்கரிகள் என்று ஒருசில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் பால் வாங்கிவிடுங்கள். இரவு பத்துக்கு மேல் விடுதியில் சத்தம் கூடாது. வீட்டுக்கு வீடியோ கால் பேசும்போது நாம் கத்துவது நமக்குத் தெரியாது, பக்கத்து அறைக்குத் தெரியும்.

காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 செண்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், கல்லாவில் கழித்துக்கொள்வார்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம் என்பதால் பாட்டிலே தேவையில்லை.

ரயிலுக்கு என்ன வாங்க வேண்டும்?

டாய்ச்லாண்ட் டிக்கெட். நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில், மண்டல ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், நான் போனபோது 58, 2026 ஜனவரியிலிருந்து 63. அதிவேக ரயில்களில் செல்லாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இது சந்தா. நீங்கள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் காசு போகும். மாதக் கடைசியோடு நிற்க வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்துசெய்ய வேண்டும். அதாவது ஆகஸ்ட் டிக்கெட்டை வாங்கி, ஊர் பிடிபடுவதற்குள்ளேயே ரத்தும் செய்துவிட வேண்டும். என் வகுப்பில் மூன்று பேர் செப்டம்பருக்கும் கட்டினார்கள், அதில் ஒருவர் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபிறகு.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? (இது அம்மாக்கள் கேட்பது)

ஆன்ட்டி, என் அம்மாவும் இதையேதான் கேட்டார். ஆகஸ்டில் எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும். சாயங்காலம் ஆற்றங்கரைப் புல்வெளியில் பாதி ஊரே உட்கார்ந்திருக்கும், நானும் உட்கார்ந்திருந்தேன். இரவு பத்து மணிக்கு டிராமில் தனியாக வந்திருக்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றி நள்ளிரவில் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள் உண்டு, அந்த நேரத்து ரயிலைத் தவிர்த்தேன். பர்ஸ், பாஸ்போர்ட் இரண்டையும் ஒரே பையில் வைக்கவில்லை. அவசர எண் 112, காவல்துறைக்கு 110. உண்மையைச் சொன்னால் பயத்தைவிடப் பெரிய தொல்லை தனிமைதான். இரண்டாவது வாரம் புதன்கிழமை சும்மாவே அழுகை வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை, இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

இடிந்த கோட்டை, பழைய பாலம், அதன் முனையில் வெண்கலக் குரங்கு. இவற்றை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது மாணவர் சிறை. 1386-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஜெர்மனியிலேயே பழையது. தன் மாணவர்களைத் தானே தண்டிக்கும் உரிமை அதற்கு இருந்தது. குடித்துவிட்டு ராத்திரியில் ரகளை செய்தால் சில நாள் உள்ளே போட்டுவிடுவார்கள். 1778 முதல் 1914 வரை இயங்கியது. உள்ளே இருந்தவர்கள் சுவர், கூரை என்று ஓர் அங்குலம் விடாமல் பெயரும் படமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போய்வர மட்டும் அனுமதி உண்டாம். அட்டெண்டன்ஸ் அங்கேயும் விட்டபாடில்லை.

பெர்க்ஹைம் பகுதியில் தெற்காசிய நிறுவனம் இருக்கிறது, 1962-ல் தொடங்கியது. அங்கே தமிழ் கற்பிக்கிறார்கள். நாம் ஜெர்மன் படிக்கப் போன ஊரில் யாரோ ஒருவர் "அவன் வந்தான், அவள் வந்தாள்" என்று எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

கிரெடிட் நம் கல்லூரியில் ஏறுமா?

சிரமம்தான். போகும்முன் பாடத்திட்டத்தைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கினால் உண்டு. எப்படியும் வெறும் பங்கேற்புச் சான்றிதழோடு திரும்பாதீர்கள். தேர்வு எழுதி, மதிப்பெண்ணும், ஐரோப்பியக் கிரெடிட் கணக்கான ஈசிடிஎஸ் புள்ளியும் போட்ட சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஈசிடிஎஸ் புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பின்னால் முதுகலைக்கு அங்கே விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

பகுதிநேர வேலை பார்க்கலாமா? அப்படியே அங்கே தங்கிவிடலாமா?

இரண்டும் முடியாது. வருடத்துக்கு 140 நாள் வேலை என்று நீங்கள் கேள்விப்பட்டது பட்டப் படிப்பு மாணவர்களுக்கு. ஷெங்கன் விசாவை அங்கிருந்தபடியே மாணவர் விசாவாக மாற்றவும் முடியாது. ஊருக்கு வந்துதான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

பருத்திச் சட்டை. ஆகஸ்டில் 35 டிகிரிவரை போகும், விடுதி அறையில் ஃபேன் என்பதே கிடையாது. கூடவே ஒரு ஸ்வெட்டர், மழை பெய்த மறுநாள் காலை 13 டிகிரி. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, மருத்துவர் சீட்டோடு. அங்கே சீட்டில்லாமல் ஆண்டிபயாட்டிக் தரமாட்டார்கள். நமது மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முள் லேப்டாப் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும். பிரஷர் குக்கர் வேண்டாம், விசில் சத்தத்துக்கும் யாராவது செருப்போடு ஓடி வருவார்கள்.